'டாம்ஸ் டைனர்': அரைக் கோப்பைக் காபியும் துணையில்லாத ஒரு குரலும்

கேள்வி: 2 நவம்பர் 2023, இரவு 9.14

அமெரிக்கப் பாடகி சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்'தான் உலகில் எம்பி3 ஆக்கப்பட்ட முதல் பாடல் என்று என்னுடன் வேலை செய்பவர் அடித்துச் சொல்கிறார். கேட்டுப் பார்த்தேன். வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் இரண்டு நிமிடம் காபி குடிப்பதைப் பற்றிப் பாடுகிறார். அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. இதைப் போய் ஒரு ஜெர்மானிய ஆய்வுக்கூடம் எதற்காகப் பிடித்துக்கொண்டது?

2 நவம்பர் 2023, இரவு 11.05

முதல் பாடல் அன்று. அது, ஒலியைச் சிறு கோப்பாகச் சுருக்கும் அந்த எம்பி3 முறையின் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பாடல். அதைக் கெடுக்காமல் சுருக்க முடிந்தால் எதையும் சுருக்கிவிடலாம் என்ற நிலையில் வைத்துப் பார்க்கப்பட்டது. 'எம்பி3இன் தாய்' என்று சூசன் வேகாவுக்கு ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். தாய் என்பதைவிடத் தேர்வுத்தாள் என்று சொல்வது பொருந்தும். மீதியை நாளை எழுதுகிறேன்.

3 நவம்பர் 2023, காலை 7.20

ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 1990களின் நடுவில் ஒரு நண்பர் பதிந்து கொடுத்த ஒலிநாடாவில், வேறு பாடல்களுக்கு நடுவே இது வந்தது. வாத்தியங்கள் பதிவாகாமல் போய்விட்டன என்று எண்ணி, நாடாப்பெட்டியின் இடது வலது ஒலிச் சமனைத் திருகிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அதே குரல்தான் இருந்தது.

என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறேன். காலை நேரத்தில், தெருமுனை உணவகம் ஒன்றில் ஒருவர் காபிக்குக் காத்திருக்கிறார். பரிமாறுபவர் கோப்பையை அரையளவுதான் நிரப்புகிறார். ஏன் என்று கேட்பதற்குள் அவர் பார்வை உள்ளே வரும் ஒரு பெண்ணின் மீது போய்விடுகிறது. வந்தவள் குடையை உதறுகிறாள். இருவரும் முத்தமிட்டு வரவேற்றுக்கொள்ள, பாடுபவர் பார்க்காததுபோல் திரும்பிக் காபியில் பாலை ஊற்றுகிறார். செய்தித்தாளைப் பிரிக்கிறார்; குடித்த நிலையில் இறந்துபோன நடிகர் ஒருவரைப் பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டு, கேள்விப்படாத ஆள் என்று ராசிபலனுக்கும் படத்துணுக்குகளுக்கும் போய்விடுகிறார். யாரோ தன்னைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. நிமிர்ந்தால், கண்ணாடிக்கு வெளியே நனைந்த தலையோடு ஒரு பெண். அவள் இவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைப் பார்த்துக் காலுறையைச் சரிசெய்துகொள்கிறாள். பேராலய மணி கேட்கிறது. அப்போதுதான் பாடுபவருக்கு யாரோ ஒருவருடைய குரல் நினைவுக்கு வருகிறது. மழை தொடங்குவதற்கு முன்பு ஒரு நாள், நள்ளிரவில் வெளியே உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டது நினைவுக்கு வருகிறது. காபி முடிந்தது, ரயிலைப் பிடிக்க வேண்டும்.

பரிமாறுபவர், வந்தவள், வெளியே நிற்பவள் என மூவர் இவரைக் கடந்துபோகிறார்கள். ஒருவர்கூட இவரைப் பார்ப்பதில்லை. எனக்கு இந்தப் பாட்டு அவ்வளவுதான், அதுவே நிறைய. அரைக் கோப்பைச் சண்டை நம் ஊரில் வராது என்பது வேறு விஷயம். மீதி அரையை நுரையால் நிரப்பிவிடுவார்கள்.

3 நவம்பர் 2023, காலை 7.48

மேலே உணவகம் என்று எழுதினேனே, அதன் பெயர் டைனர் அன்று, 'டாம்ஸ் ரெஸ்டாரன்ட்'. மன்ஹாட்டனில் பிராட்வேயும் 112ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. சூசன் வேகா பக்கத்தில் பார்னார்டு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர், 1982இல் பட்டம் பெற்றவர். அந்த வட்டார மாணவர்களுக்கு அது கைக்கெட்டும் தூரத்துக் கடை. ரெஸ்டாரன்ட் என்ற சொல் பாட்டின் நடையில் உட்காராது, டைனர் உட்காரும். 'சைன்ஃபெல்ட்' தொலைக்காட்சித் தொடர் பார்த்தவர்களுக்கு இதே கடையின் வெளித்தோற்றம் பழக்கமானது. அதில் பெயர்ப்பலகையின் டாம்ஸ் என்ற பகுதி கண்ணில் படாதபடி, ரெஸ்டாரன்ட் என்ற சொல் மட்டும் தெரியும்.

3 நவம்பர் 2023, இரவு 10.30

ஆய்வுக்கூடக் கதைக்கு வருகிறேன். இடம் ஜெர்மனியின் எர்லாங்கன். பல்கலைக்கழகத்தில் டீட்டர் சைட்சர் என்ற பேராசிரியருக்கு, எண்முறைத் தொலைபேசிக் கம்பி வழியாக இசையை அனுப்ப முடியும் என்று ஒரு நம்பிக்கை. காப்புரிமை கேட்டபோது, இது நடக்காத காரியம் என்று ஆய்வாளர் திருப்பி அனுப்பினார். குறுந்தகட்டில் ஒரு நொடி இசைக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடங்கள்: பெருக்கினால் 14,11,200 பிட். கம்பியில் போகக்கூடியதோ 1,28,000. பதினொன்றில் பத்துப் பங்கை எறிந்துவிட்டு, எறிந்தது தெரியாமலும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கைச் சைட்சர் தம் மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் கையில் கொடுத்தார். பின்னர் பல்கலைக்கழகமும் அதே ஊர் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை, அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்து ஜேம்ஸ் ஜான்ஸ்டன் போன்றவர்களின் வேலையோடு இணைந்து, 1992இல் தர வரையறையாக முடிந்தது. கோப்புப் பெயரின் கடைசியில் வரும் '.எம்பி3' என்ற வால்பெயர் வைக்கப்பட்டது 1995 ஜூலை 14இல்.

எறிவது எப்படி? உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதற்கு அருகில் இருக்கும் மெல்லிய ஒலியைச் செவி கண்டுகொள்ளாது. மேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்வது நமக்கு விழாது அல்லவா, அதே கதைதான். விழாதவற்றை எறியலாம், சுருக்குவதால் உண்டாகும் கரகரப்பை விழுகிறவற்றின் நிழலில் ஒளித்து வைக்கலாம். கிடாரும் தாள வாத்தியங்களும் நிறைந்த பாட்டில் ஒளிவதற்கு ஆயிரம் மூலைகள் உண்டு. 'டாம்ஸ் டைனர்' பாட்டில் ஒரு மூலையும் இல்லை. வெட்டவெளியில் ஒரு குரல், இடையிடையே மௌனம்.

முதல் சோதனைகளில் அந்தக் குரலின் இரு பக்கமும் அருவருப்பான கரகரப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. மற்றப் பாடல்கள் நன்றாக வந்த அதே முறையில் இது சிதைந்தது. பிராண்டன்பர்க் இதைப் பல நூறு முறை கேட்டுத் திருத்தினார். அதற்குப் பிறகும் பாட்டைப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறார். என்னால் அவ்வளவு பொறுமையாக எதையும் கேட்க முடியாது.

4 நவம்பர் 2023, மாலை 6.15

இந்தப் பாடல் பிராண்டன்பர்க்கின் காதில் எப்படி விழுந்தது என்பதற்கு இரண்டு கதைகள் அச்சில் இருக்கின்றன. தாழ்வாரத்தின் கோடியில் எங்கோ ஒரு வானொலியில் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுத் திடுக்கிட்டார் என்பது ஒன்று. ஒலிபெருக்கிகளைச் சோதிக்க இந்தப் பாடலைப் பயன்படுத்துவதாக ஓர் ஒலிக்கருவி இதழில் படித்தார் என்பது மற்றொன்று. தாழ்வாரக் கதை அழகாக இருக்கிறது. அதனாலேயே நான் இதழ்க் கதையின் பக்கம் சாய்கிறேன்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். சோதனைக்கு இது ஒன்றே இருந்ததுபோல் நேற்று எழுதிவிட்டேன். கேஸ்டனெட் என்ற ஸ்பானிய மரச் சிப்ளாக்கட்டை, குளோக்கன்ஷ்பீல் என்ற உலோக மணிப்பலகை எல்லாம் அந்தச் சோதனைகளில் இருந்தன. சிப்ளாக்கட்டையின் ஒவ்வொரு தட்டும் மௌனத்திலிருந்து திடீரென்று வெடிப்பது. முறையில் பிழை இருந்தால், தட்டுவதற்கு முன்னாலேயே ஒரு மங்கலான 'ஷ்' கேட்கும். குரல் ஒரு வகைக் கேள்வி, இது வேறு வகைக் கேள்வி.

5 நவம்பர் 2023, மதியம் 2.40

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். பாட்டின் குறுந்தகடு என்னிடம் இருக்கிறது. 1987இல் வந்த 'சாலிட்யூட் ஸ்டாண்டிங்' தொகுப்பு, முதல் பாடலே இதுதான். அதை நொடிக்கு 128 கிலோபிட்டிலும் 48 கிலோபிட்டிலும் சுருக்கினேன். தங்கை மகன் எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, குறுந்தகடா கோப்பா என்று சொல்ல வேண்டும். 48இல் இருபதுக்கு இருபது சரியாகச் சொன்னேன். குரல் வாளித் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. 128இல் இருபதுக்குப் பதினொன்று. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும் என்று பையன் சொல்லிவிட்டுப் போனான். என் காதைப் பற்றி முப்பது ஆண்டுகளாக நான் சொல்லிவந்த பெருமை அன்று மதியத்தோடு முடிந்தது.

5 நவம்பர் 2023, இரவு 9.55

அந்தச் சோதனையை வைத்து, சிக்கல் ஒன்றும் பெரிதில்லை போலிருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். என் கணினியில் உள்ள மென்பொருள், முப்பது ஆண்டுகளாகப் பலர் செதுக்கியது; 1980களின் இறுதியில் எர்லாங்கனில் இருந்தது அதன் கொள்ளுப் பாட்டன். விடையைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதியிருக்கிறேன்.

அந்த விடைகளில் ஒன்றையாவது காதால் பிடிக்கலாமே என்று, இடத்தடத்தையும் வலத்தடத்தையும் தனித்தனியே சுருக்கும் பழைய அமைப்பைத் தேர்ந்தெடுத்து, 96 கிலோபிட்டில் மறுபடி கேட்டேன். பதினேழு சரி. என்ன நடக்கிறது என்றால், இந்தப் பதிவில் குரல் நடுவில் நிற்கிறது, இரண்டு தடத்திலும் ஏறக்குறைய ஒரே அலை. தனித்தனியே சுருக்கினால் இடப்பக்கத்துக் கரகரப்பு ஒரு மாதிரியும் வலப்பக்கத்துக் கரகரப்பு வேறு மாதிரியும் உண்டாகி, குரல் ஓரிடம், கரகரப்பு வேறிடம் என்று பிரிந்துவிடுகிறது. திசை பிரிந்தால் செவி இரண்டையும் பிரித்துக் கேட்டுவிடும். கல்யாண மண்டபத்து இரைச்சலில் ஒரு மூலையிலிருந்து நம் பெயர் மட்டும் கேட்பதுபோல. இரு தடங்களின் கூட்டலையும் கழித்தலையும் சுருக்கினால் கரகரப்பும் குரலோடு நடுவுக்கு வந்து அதன் நிழலில் அடங்கிவிடும். நேற்று முன்தினம் குரலின் இரு பக்கமும் ஒட்டிய கரகரப்பு என்று எழுதினேனே, அந்த 'இரு பக்கமும்' என்பதற்கு இவ்வளவு பொருள் இருப்பது எழுதும்போது எனக்கே உறைக்கவில்லை.

7 நவம்பர் 2023, இரவு 8.10

வாத்தியம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு நேரடி விடை: பியானோ வாசிக்க ஆள் இல்லை. பழைய பிரெஞ்சுப் படத்தின் பின்னணிபோல் ஒரு பியானோவோடு இதை அவர் கற்பனை செய்திருந்தார். அவருக்குக் கிடார்தான் தெரியும், பியானோக்காரர் யாரும் பழக்கமில்லை, அதனால் வெறும் குரலில் பாடிவிட்டார். 1984 ஜனவரியில், கிரீனிச் வில்லேஜ் பாடகர்கள் கூட்டாக வெளியிட்டுவந்த 'ஃபாஸ்ட் ஃபோக்' இதழின் இசைத்தட்டில் இது முதலில் வந்தது. பிறகு கச்சேரிகளில் இதையே முதலில் பாடுவார். அரட்டையில் இருக்கும் கூட்டத்தின் முன்னால் ஒருவர் தனியாக நின்று மெல்லிய குரலில் காபியைப் பற்றிப் பாடத் தொடங்கினால், என்ன இது என்று திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆளில்லாமல் போன அந்தப் பியானோதான் மற்றவர்களுக்கு வாசலைத் திறந்துவைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1990இல் டி.என்.ஏ. என்ற பெயரில் இயங்கிய இரண்டு ஆங்கிலேய இளைஞர்கள், அனுமதி கேட்காமல், 'சோல் டூ சோல்' குழுவின் தாளத்தை இதன் அடியில் வைத்து, நடன விடுதிகளுக்கு 'ஓ சூசன்' என்று தட்டு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மூலப் பாட்டில் கடைசியில் தன்பாட்டுக்கு முணுமுணுப்பதாக வரும் 'து து து து' இதில் பல்லவியாகிவிட்டது. வழக்குப் போட்டிருக்கலாம், ஆனால் வேகாவின் இசைத்தட்டு நிறுவனமான ஏ அண்ட் எம் அதை வாங்கி முறையாக வெளியிட்டது. பாடல் தரவரிசையில் பிரிட்டனில் இரண்டாம் இடம், அமெரிக்காவில் ஐந்தாம் இடம். மூலத்தை 1987இல் தனித் தட்டாக வெளியிட்டபோது பிரிட்டனில் 58ஐத் தாண்டவில்லை.

வேறு வாத்தியங்கள் இருந்திருந்தால் குரலைத் தனியாக உரித்தெடுக்க அன்று வழியில்லை. ஆய்வுக்கூடத்துக்கு எது தொல்லையோ, அதுவே இவர்களுக்கு வசதி. அடுத்த ஆண்டே இதுபோன்ற மறுவடிவங்களை எல்லாம் திரட்டி, 'டாம்ஸ் ஆல்பம்' என்று வேகாவே வெளியிட்டார். எனக்கு அதில் ஒன்றிரண்டுக்கு மேல் தாங்கவில்லை.

8 நவம்பர் 2023, காலை 6.30

இந்தப் பாட்டை எத்தனையோ பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள். 2014இல் ஃபால் அவுட் பாய் குழு, 2015இல் ஜார்ஜோ மொரோடரும் பிரிட்னி ஸ்பியர்ஸும். பட்டியல் போட எனக்கு ஆர்வமில்லை. ஒரு விஷயம் மட்டும். இவற்றில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வது அந்த 'து து து' முணுமுணுப்பைத்தான். அரைக் கோப்பைக் காபியை எடுத்துக்கொள்பவர்கள் குறைவு.

11 நவம்பர் 2023, மாலை 5.05

பாடுவது ஆணா பெண்ணா? சென்ற வாரம் எழுதிய சுருக்கத்தில் 'பாடுபவர்' என்று எழுதித் தப்பித்துக்கொண்டேன். இருபது ஆண்டுகள் நான் வேகாவே உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். பிரையன் ரோஸ் என்ற ஒளிப்படக்கலைஞர் அவருடைய நண்பர்; தாம் வாழ்க்கையை ஒரு கண்ணாடித் தட்டுக்குப் பின்னால் இருந்து பார்ப்பதுபோல் உணர்வதாக அவர் சொன்னாராம். அந்தக் கண்ணால் பார்த்து எழுத முயன்ற பாட்டு இது. தெரிந்த பிறகு கேட்டால், வெளியே நிற்கும் பெண் காலுறையைச் சரிசெய்வதைக் கவனிக்காமல் இருக்க முயல்கிறேன் என்ற இடம் வேறு மாதிரி ஒலிக்கிறது. அது ஆணின் கூச்சம்.

தமிழில் எழுதிப் பார்த்தபோது எதிர்பாராத சிக்கல் வந்தது. 'நான் அமர்ந்திருக்கிறேன்' என்றால் பால் தெரியாது, அது வசதிதான். பரிமாறுபவரை அவன் என்பதா அவர் என்பதா என்று அடுத்த வரியிலேயே மாட்டிக்கொண்டேன். 'அவர்' என்றால் அரைக் கோப்பைக் கோபம் வடிந்துவிடுகிறது, 'அவன்' என்றால் பாடுபவர் திமிர் பிடித்தவராகிவிடுகிறார். பேராலய மணி அடிக்கும்போது நினைவுக்கு வருவது உன் குரலா, உங்கள் குரலா? 'உன்' என்று எழுதியதும் இழந்துபோன காதல் என்று முடிவாகிவிடுகிறது. 'உங்கள்' என்றால் அந்த நள்ளிரவுச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்திருந்தது ஆசிரியரா, மாமனாரா என்று கேட்கத் தோன்றும். ஆங்கிலத்து ஒற்றை முன்னிலைச் சொல் எதையும் காட்டிக்கொடுக்காமல் கடந்துவிடுகிறது. மூன்று நாள் முயன்று, 'அந்தக் குரல்' என்று எழுதிவிட்டு மூடி வைத்தேன்.

12 நவம்பர் 2023, காலை 9.00

தீபாவளிக் காலையில் இதை எழுதுகிறேனே என்று வீட்டில் கேட்டாகிவிட்டது. 'உன்' என்பதே சரி. இழந்துபோன காதல் என்று முடிவாகிவிட்டால் என்ன? பாட்டும் அதைத்தான் சொல்லாமல் சொல்கிறது. நேற்று எழுதியது வீண் கெட்டிக்காரத்தனம். 'அவன், அவர்' பிரச்சினை மட்டும் நிற்கிறது.

14 நவம்பர் 2023, இரவு 10.20

2016இல் நியூ ஜெர்சியில் மைத்துனர் வீட்டில் இருந்தபோது அந்தக் கடைக்குப் போனேன். மழை இல்லை. சுவரில் 'சைன்ஃபெல்ட்' படங்கள். உயரமான சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கோப்பையை எப்படி நிரப்பப்போகிறார்கள் என்று பார்த்தேன். விளிம்பு வரை நிரப்பினார்கள். பாதி குடிப்பதற்குள் கேட்காமலே மறுபடி நிரப்பினார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏன் முகம் இப்படி இருக்கிறது, காபி சரியில்லையா என்று மைத்துனர் கேட்டார்.

கண்ணாடி விஷயம் மட்டும் கண்ணெதிரே நடந்தது. வெளியே வெயில், உள்ளே மங்கல்; போகிறவர்கள் ஒருவர் விடாமல் கண்ணாடியில் தங்களைப் பார்த்துத் தலைமுடியைத் தொட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே நான்கடிகூட இருந்திருக்காது. வெளியே வந்து 112ஆம் தெருவில் கிழக்கே பார்த்தால் தெருவின் முடிவில் செயின்ட் ஜான் பேராலயம் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. பாட்டில் வரும் மணி அங்கேதான். கடைக்கு மேல் மாடிகளில் அப்போது நாசாவின் கோடர்டு விண்வெளி ஆய்வு நிலையம் இருந்தது. பூமி சூடாவதைக் கணக்கிடுபவர்கள் மேலே, காபியைச் சூடாக்குபவர்கள் கீழே என்று மைத்துனர் சொன்னார். அன்று முழுவதும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

18 நவம்பர் 2023, காலை 8.00

ரசிகர்கள் இந்த நாளை 'டாம்ஸ் டைனர் நாள்' என்கிறார்கள். செய்தித்தாளில் வரும் இறந்த நடிகர் வில்லியம் ஹோல்டன். குடித்த நிலையில் தம் குடியிருப்பில் விழுந்து மேசையில் தலை மோதி, குருதி வெளியேறி இறந்துபோனார். உடல் கண்டெடுக்கப்பட்டது 1981 நவம்பர் 16இல்தான். அதை வைத்துத் தேதியைத் துப்பறிந்திருக்கிறார்கள். பாட்டு நாட்குறிப்பன்று, பல காலைகள் சேர்ந்த ஒரு காலையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அந்த நடிகரைக் கேள்விப்பட்டதில்லை என்ற வரி எனக்கு எப்போதும் சற்று வலிக்கும். 'சன்செட் பூலவார்டு' படத்தின் நாயகன், ஆஸ்கர் வாங்கியவர். நம் பக்கத்தில் இலங்கையின் கித்துல்கலவில் படமான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் நடித்தவர். அன்று இருபத்திரண்டு வயதான வேகாவுக்கு அவர் யாரோ ஒருவர். அவர் இறந்த சான்டா மோனிகாதான் சூசன் வேகா பிறந்த ஊர் என்பது தற்செயல். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

19 நவம்பர் 2023, இரவு 9.30

விட்டுப்போன ஒன்று. பிற்காலத்தில் வேகாவை எர்லாங்கனுக்கு அழைத்து, பழைய சிதைந்த வடிவத்தையும் இறுதி வடிவத்தையும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மூலத்துக்கும் எம்பி3க்கும் ஏதோ சிறு வேறுபாடு கேட்கிறதே என்று அவர் சொல்ல, இல்லை, இரண்டும் ஒன்றேதான் என்று அவர்கள் மறுத்திருக்கிறார்கள். அவரே எழுதியிருக்கிறார். பாடியவர் காதை நம்புவதா, சுருக்கியவர் கணக்கை நம்புவதா? இருபதுக்குப் பதினொன்று வாங்கிய எனக்குப் பேச வாயில்லை.

எறிந்த பகுதியை மட்டும் கேட்க விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. ரயன் மகுவயர் என்ற இசையமைப்பாளர் இதே பாடலை எம்பி3 ஆக்கும்போது கழிந்துபோனவற்றை மட்டும் திரட்டி ஒரு படைப்பைச் செய்தார். ஆங்கிலத்தில் 'டாம்ஸ் டைனர்' என்பதன் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'மாடர்னிஸ்ட்' என்று வரும். அதையே தலைப்பாக வைத்தார். மூச்சும் உரசலுமாக, பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல் கேட்கிறது. இரவில் தனியாகக் கேட்க வேண்டாம்.

20 நவம்பர் 2023, இரவு 11.45

அதைக் கேட்டதிலிருந்து ஒரு பழைய தவறு உறுத்துகிறது. என் அத்தை ஒரு திருமணத்துக்கு முந்தைய நாள் பாடிய நலங்குப் பாட்டு ஒலிநாடாவில் இருந்தது. சுருதிப் பெட்டிகூட இல்லாத வெறும் குரல். 2002இல் அதைக் கணினியில் ஏற்றியபோது, வட்டில் இடம் போதாது என்று 48 கிலோபிட்டில் சுருக்கினேன். நாடாவில் பூஞ்சை பிடித்துப்போனதால் பிறகு தூக்கிப் போட்டுவிட்டேன். இன்று இருப்பது அந்தக் கோப்பு மட்டும். குரலைச் சுற்றி ஒரு சலசலப்பு. பாட்டு முழுவதும் 'ஷ், ஷ்' என்று. எம்பி3 செய்த கொடுமை.

21 நவம்பர் 2023, காலை 6.10

கொடுமை என்று எழுதியது நியாயமன்று. நாடாவிலேயே இரைச்சல் இருந்திருக்கும். இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது என்பதால் சுருக்கும்போது அது பிட்டுகளை விழுங்கிவிடும், குரலுக்கு மிச்சம் குறைவு. குறைந்த அளவைத் தேர்ந்தெடுத்தவன் நான். அந்த 'ஷ்' நாடா இரைச்சலின் எச்சம் என்றுதான் நினைக்கிறேன்.

27 ஜனவரி 2024, இரவு 10.50

மேலே உள்ளதற்குத் திருத்தம். அதே நாடாவின் இன்னொரு பிரதி, அத்தை மகள் வீட்டில் பழைய பீரோவில் இருந்து பொங்கலுக்குப் பிறகு கிடைத்தது. இந்த முறை சுருக்காமல் ஏற்றி, பழைய கோப்பையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். நாடா இரைச்சல் இருக்கிறது; ஆனால் அது பாட்டு முழுவதும் சீராக ஓடுகிறது. 'ஷ், ஷ்' என்று விட்டுவிட்டு வந்தது அது அன்று. அத்தை தொடையில் தாளம் தட்டிக்கொண்டு பாடியிருக்கிறார். ஒவ்வொரு தட்டுக்கும் கையில் கண்ணாடி வளையல்கள் மோதுகின்றன. மூன்றாவது அடியில் பாட்டை மறந்து நிறுத்துகிறார், தாளம் மட்டும் நிற்கவில்லை. நான்கு தட்டு வளையல் ஓசைக்குப் பிறகு குரல் மறுபடி வந்து சேர்ந்துகொள்கிறது.